கிருமியை மட்டும் எண்ணினால் காசநோய் ஒழியாது

(உலகக் காசநோய் நாளையொட்டிச் சுகாதார ஊழியர்களும் தொழிற்சங்கச் செயல்வீரர்களும் பங்கேற்ற பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2018 மார்ச் மாதம் தில்லியில் நடைபெற்ற காசநோய் மாநாட்டில் பிரதமர் ஓர் உறுதிமொழி அளித்தார். காசநோய் ஒழிப்புக்கென உலக நாடுகள் 2030ஆம் ஆண்டை இலக்காக வகுத்துக்கொண்டுள்ளன. இந்தியாவோ ஐந்தாண்டுகள் முன்னதாக, 2025ஆம் ஆண்டிலேயே அந்த இலக்கை எட்டிவிடும் என்பதே அந்த உறுதிமொழி. 2015ஆம் ஆண்டோடு ஒப்பிட, புதிதாக நோயுறுவோர் விகிதத்தை 80 சதவீதமும், இறப்போர் விகிதத்தை 90 சதவீதமும் குறைப்பது என்பது அதன் பொருள். நோயின் பொருட்டு எந்தக் குடும்பமும் கடனில் மூழ்கக் கூடாது என்பதும் அதே திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

2025ஆம் ஆண்டு முடிந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் விகிதம், 2024இல் 187 ஆகக் குறைந்திருக்கிறது. இது 21 சதவீதக் குறைவு. இலக்கு நிறைவேறியிருந்தால் அது 47 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறப்பு விகிதம் லட்சத்துக்கு 28இலிருந்து 21 ஆகியிருக்கிறது. மூன்றுக்கும் கீழே வந்திருக்க வேண்டிய எண் இது. உலகிலுள்ள காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் பேர் புதிதாக நோயுறுகிறார்கள். மூன்று லட்சம் பேர் மடிகிறார்கள். நாளொன்றுக்கு எண்ணூறு பேர். நாம் இந்த அரங்கில் ஒரு மணி நேரம் பேசிக் கலைவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உலக அளவில் இதே காலத்தில் ஏற்பட்ட குறைவு 12 சதவீதம்தான். அதைவிட இந்தியாவின் வேகம் அதிகம். அந்த வேகத்துக்குக் காரணம் உங்களைப் போன்ற களப் பணியாளர்களின் உழைப்பு. ஆகவே, இலக்கு தவறியது என்று ஏளனம் பேசுவது என் நோக்கமன்று. ஏன் தவறியது என்று புரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த இலக்கும் இதே வழியில்தான் போகும். இந்நோய் எப்படிப் பரவுகிறது, அதை எப்படி அளக்கிறார்கள், எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் இந்தக் கவலையோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சு வெறும் எண்களாகப் போய்விடாமலிருக்க, ஒரு தொழிலாளியை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஜார்க்கண்டின் ஒரு கிராமத்திலிருந்து தில்லிக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். தகரக் கூரையிட்ட ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கிறார். ஊரில் மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய். இவர் நான் கற்பனை செய்துகொண்ட மனிதர்தான். ஆனாலும் இவரைப் பார்த்திராதவர் இந்த அரங்கில் ஒருவரும் இருக்க மாட்டார்.

இரண்டு வாசல்கள்

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அந்த நாளைத்தான் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். பரம்பரை நோய், தலைவிதி, பாவத்தின் சம்பளம் என்றெல்லாம் சொல்லப்பட்டுவந்த ஒரு நோய்க்குப் பொருள்வகைப்பட்ட காரணம் உண்டென்று அன்று நிறுவப்பட்டது. அறிவியலின் மாபெரும் வெற்றி அது.

ஆனால் கிருமியைக் கண்டதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கின்றன. அதே காற்றை நெடுநேரம் சுவாசிப்பவரின் நுரையீரலுக்குள் கிருமி நுழைகிறது. பாத்திரத்தாலோ துணியாலோ கைகுலுக்குவதாலோ இந்நோய் பரவுவதில்லை. இதை இன்னமும் ஊர்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கிவைக்கும் வீடுகள், சன்னலைத் திறந்துவைக்க மறந்துவிடுகின்றன.

கிருமி நுழைந்தவரெல்லாம் நோயாளி ஆவதில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 31 சதவீதத்தினரின் உடலில் இக்கிருமியின் தொற்று இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர்! இவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருப்பார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியைச் சிறைப்படுத்தி வைத்திருக்கும். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றேனும் அது நோயாக வெளிப்படும்.

ஆகவே காசநோய்க்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. கிருமி உடலுக்குள் நுழைவது முதல் வாசல். உள்ளே அடங்கிக் கிடக்கும் கிருமி நோயாக வெடிப்பது இரண்டாம் வாசல். முதல் வாசலைத் திறந்துவைப்பவை நெரிசலும் காற்றோட்டமின்மையும், நோய் கண்டறிவதில் ஏற்படும் தாமதமும். இரண்டாம் வாசலைத் திறப்பவை ஊட்டச்சத்துக் குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி., புகை, மது, சிலிக்கா தூசு. இந்தியாவில் இவற்றுள் மிகப் பெரிய காரணி ஊட்டச்சத்துக் குறைவுதான். உயரத்துக்கு ஏற்ற எடையைக் குறிக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஓர் அலகு கூடினால், காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் கட்டடத் தொழிலாளியிடம் திரும்புவோம். ஆறு பேர் தூங்கும் தகர அறை முதல் வாசல். மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புவதற்காக அவர் குறைத்துக்கொண்ட சாப்பாடு இரண்டாம் வாசல். இரண்டும் அவர் விரும்பித் திறந்தவை அல்ல.

மும்பையின் கோவண்டி, மான்கூர்டு பகுதிகளில் குடிசைவாசிகளை மறுகுடியமர்த்தக் கட்டப்பட்ட அடுக்குமாடிகள் இருக்கின்றன. ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில இடங்களில் மூன்று மீட்டர் அளவே இடைவெளி. வெயிலும் காற்றும் குறைவாகப் புகும் கீழ்த்தளங்களில் வசிப்போரிடையே காசநோய் கூடுதலாக இருப்பதை அங்கு நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் சுட்டிக்காட்டியது. குடிசையை அகற்றி மக்களுக்கு வீடு கொடுத்ததாக அரசுக் கோப்பு சொல்லும். அந்த வீட்டின் வரைபடத்திலேயே நோய்க்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதைக் கோப்பு சொல்லாது.

இராஜஸ்தானின் கல் சுரங்கங்களிலும் குஜராத்தின் அகேட் கல் பட்டறைகளிலும் தூசைச் சுவாசிக்கும் தொழிலாளருக்குச் சிலிக்கோசிஸ் வருகிறது. அது காசநோய் வரும் அபாயத்தைப் பல மடங்கு உயர்த்துகிறது. இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருப்பதால், சிலிக்கோசிஸையே காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. ஏன் இந்த வேறுபாடு முக்கியம்? சிலிக்கோசிஸ் என்று எழுதினால் அது தொழில்சார் நோய். முதலாளி இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். காசநோய் என்று எழுதினால் பொறுப்பு முழுவதும் கிருமியின் தலையில் விழும்.

எங்கெல்சு 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய நூலில், நகரத் தொழிலாளரின் நுரையீரல் நோய்களை அவர்களின் குடியிருப்போடும் உணவோடும் வேலை நேரத்தோடும் இணைத்துப் பார்த்தார். கிருமி கண்டறியப்படுவதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது அது. இங்கிலாந்தில் காசநோய் இறப்பு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே தொடர்ந்து குறைந்துவந்தது. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தபோது, குறைவின் பெரும்பகுதி ஏற்கெனவே நிகழ்ந்து முடிந்திருந்தது. உணவுக்கு எவ்வளவு பங்கு, வீட்டுவசதிக்கும் நகராட்சிச் சுகாதாரத்துக்கும் எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. மருந்து வருவதற்கு முன்பே வாழ்நிலை மாற்றம் நோயைப் பின்னுக்குத் தள்ளியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

எண்ணிக்கைக்குள் வராதவர்கள்

இனி அளவீட்டுக்கு வருவோம். செய்தித்தாளில் காசநோய் குறித்து வரும் எண்கள் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. ஓராண்டில் புதிதாக நோயுறுவோரின் எண்ணிக்கை ஒன்று. ஒரு குறிப்பிட்ட காலத்தில் நோயோடு இருப்போரின் எண்ணிக்கை இரண்டாவது. அரசுப் பதிவேட்டில் ஏறியவர்களின் எண்ணிக்கை மூன்றாவது. முதல் எண் மதிப்பீடு. கணித முறைகளால் கண்டடைவது. இரண்டாவதை வீடு வீடாகச் சென்று மக்களைப் பரிசோதித்தால்தான் அறிய முடியும். மூன்றாவது, நாம் எவ்வளவு தேடினோம் என்பதைப் பொறுத்தது. தேடாத மாவட்டத்தில் நோயாளிகள் குறைவாகத்தான் இருப்பார்கள், பதிவேட்டில்.

இந்தியாவில் நாடு தழுவிய முதல் மாதிரிக் கணக்கெடுப்பு 1955–58இல் நடந்தது. அடுத்தது நடக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2019–21இல் நடந்த அந்தக் கணக்கெடுப்பு பல உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. 15 வயதுக்கு மேற்பட்டோரில், ஆய்வகச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் லட்சத்துக்கு 316 பேருக்கு இருந்தது. நாட்டின் தலைநகரான தில்லியில் அது 534, கேரளத்தில் 115. நாட்டின் மிகப் பெரிய மருத்துவமனைகள் இருக்கும் நகரில்தான் நோய் மிகுதி. மருத்துவமனைக் கட்டடங்கள் மட்டும் காசநோயைத் தடுத்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே கணக்கெடுப்பில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதத்தினர் எந்த மருத்துவரையும் நாடவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்று காரணம் பதிவாகியிருக்கிறது. நம் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். இருமலுக்காக ஒரு நாள் மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். இரண்டு நாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். மருந்துக் கடையில் ஒரு புட்டி இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு அவர் சாரத்தில் ஏறுகிறார். கணக்கெடுப்பின் பட்டியலில் அது ‘பொருட்படுத்தவில்லை’ என்ற கட்டத்துக்குள் போய்ச் சேர்கிறது.

இரண்டாவது செய்தி: கண்டறியப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 43 பேர் எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே பிடிபட்டனர். இருமல் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றிருந்தால் அவர்கள் தப்பிப் போயிருப்பார்கள்.

ஆனால் மக்கள் வருவதில்லை என்று பழியை முழுவதும் அவர்கள்மேல் போடுவதற்கு முன், ஒரு பழைய ஆய்வை நினைவுகூர வேண்டும். பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனத்தில் பணியாற்றிய டாக்டர் தேபாபர் பானர்ஜி, ஆண்டர்சன் என்பவரோடு சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார். அறியாமையாலும் மூடநம்பிக்கையாலும் கிராமத்தார் மருத்துவமனைக்கு வருவதில்லை என்றே அன்று கருதப்பட்டது. ஆய்வு காட்டியது வேறு. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ நிலையங்களுக்குப் போயிருந்தார்கள். அங்கே சளிப் பரிசோதனை செய்யாமல், ஒரு புட்டி இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மக்கள் வந்தார்கள்; கண்டறிய வேண்டிய அமைப்பு கண்டறியவில்லை. தனியே காசநோய் முகாம்கள் அமைப்பதைவிட ஊரிலுள்ள பொது மருத்துவ நிலையங்களை வலுப்படுத்துவதே வழி என்ற கருத்துக்கு இந்த ஆய்வு அடித்தளமிட்டது.

எண்களுக்கு அரசியலும் உண்டு. தனியார் மருத்துவரிடம் போகும் இலட்சக்கணக்கானோர் கணக்கில் வரவில்லை என்பது தெரிய வந்ததும், இந்தியப் புதிய நோயாளிகள் பற்றிய மதிப்பீட்டை உலகச் சுகாதார நிறுவனம் 22 லட்சத்திலிருந்து 28 லட்சமாகத் திருத்தியது. ஒரே திருத்தத்தில் ஆறு லட்சம் மனிதர்கள் கணக்குக்குள் வந்தார்கள். எதிர்த் திசையிலும் இது நடந்தது. இந்திய அரசின் முறையீட்டுக்கும் புதிய தரவுகளுக்கும் பிறகு, ஆண்டுக்கு 4.94 லட்சமாக இருந்த இறப்பு மதிப்பீடு அடுத்த அறிக்கையில் 3.31 லட்சமாயிற்று. மதிப்பீட்டு முறை மேம்படுவது நல்லதே. ஆனால் முறை மாறியதால் குறைந்த எண்ணை, நோய் தணிந்ததால் குறைந்த எண்ணாகக் காட்டுவது நேர்மையாகாது.

ஊழியர்களாகிய நீங்கள் இதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துச்செல்ல வேண்டும். ஒரு வட்டாரத்தில் பதிவு கூடினால் அது தோல்வி ஆகாது. அங்கே தேடுகிறார்கள் என்று பொருள். ‘காசநோய் இல்லா ஊராட்சி’ என்ற பட்டத்துக்காக எண்ணைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கினால், முதலில் குறைவது தேடல்தான்.

சென்னை சொன்னதும் ஜார்க்கண்ட் சொன்னதும்

மூன்றாவது கேள்வி, கட்டுப்பாடு. இதில் உலகுக்கே வழிகாட்டிய ஓர் ஆய்வு சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. காசநோயாளியைச் சானடோரியத்தில் ஓராண்டு படுக்கவைத்துப் பால், முட்டை, இறைச்சி கொடுத்துப் பார்த்துக்கொள்வதே சிகிச்சை என்றிருந்த காலம் அது. ஏழை நாட்டில் அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது? ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரைச் சென்னையின் நெரிசல் மிகுந்த குடியிருப்புகளில் அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். முடிவு 1959இல் வெளியானது. வீட்டிலிருந்தவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், குறைவாக உண்டார்கள். ஆயினும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களால் வீட்டிலிருந்தோருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

இது ஏழை மக்களுக்குக் கிடைத்த வெற்றி. வீட்டையும் கூலியையும் விட்டு ஓராண்டு பிரிந்திருக்க வேண்டிய கொடுமை நீங்கியது. ஆனால் இந்த ஆய்விலிருந்து ஆட்சியாளர்கள் வசதியான ஒரு முடிவையும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை போதும், சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது அந்த முடிவு. நோய் வந்தவர் மருந்தால் குணமாவது பற்றி மட்டுமே சென்னை ஆய்வு பேசியது. பசித்த உடலில் நோய் ஏன் வருகிறது, குணமாகத் தொடங்கும் முன்பே சிலர் ஏன் இறக்கிறார்கள் என்ற கேள்விகள் அதன் வரம்புக்கு வெளியே இருந்தன.

அந்தக் கேள்விகளுக்கு விடை மத்திய இந்தியாவிலிருந்து வந்தது. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்திய சகயோக் நடத்தும் மருத்துவமனைக்கு வந்த காசநோயாளிகளின் எடையை டாக்டர் அனுராக் பார்கவாவும் சக மருத்துவர்களும் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் இடைநிலை எடை 42 கிலோ. பெண்களின் எடை 34 கிலோ. வளர்ந்த ஒரு பெண், ஒரு குடும்பத்தின் தாய், 34 கிலோ! நோயினால் எடை குறைந்தது என்பது உண்மை. நோய்க்கு முன்பே குறைந்திருந்தது என்பதும் உண்மை.

பின்னர் டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் தலைமையேற்று ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஒரு பெரும் ஆய்வை நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. பாதி வீடுகளில் மட்டும் மற்றக் குடும்ப உறுப்பினர்களுக்கும் உணவு கொடுக்கப்பட்டது. ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, நுண்சத்து மாத்திரைகள். அவ்வளவுதான். 2023இல் வெளியான முடிவு: உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிடையேயும், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்த எண்ணின் எடையை உணர வேண்டுமானால் இன்னொரு செய்தியை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பிசிஜி தடுப்பூசி ஆய்வு, அத்தடுப்பூசி வளர்ந்தோரை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் போடுகிறோம். வளர்ந்தோருக்கான புதிய தடுப்பூசிக்கு உலகம் இன்னும் காத்திருக்கிறது. அப்படியொரு தடுப்பூசி வந்து, நுரையீரல் காசநோயைப் பாதியாகக் குறைக்கிறது என்று செய்தி வந்தால் எத்தனை கொண்டாட்டம் நடக்கும்! அந்த வேலையை அரிசியும் பருப்பும் செய்து காட்டிவிட்டன. அவற்றுக்குக் காப்புரிமை இல்லை. விற்றுக் கொள்ளை இலாபம் பார்க்கும் நிறுவனமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கொண்டாட்டமும் இல்லை.

அரசு என்ன செய்தது? 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாய் ஆக்கியது. வரவேற்கிறோம். நாளொன்றுக்கு 33 ரூபாய் என்பதையும் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் ஜார்க்கண்ட் ஆய்வின் சாரமே குடும்பத்தாருக்கு உணவு என்பதுதான். அந்தப் பொறுப்பை ‘நிக்ஷய் மித்ரா’ என்ற திட்டத்தின் கீழ் நன்கொடையாளர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நிறுவனமோ தனிநபரோ மனமிருந்தால் உணவுக் கூடை தருவார்கள். மனமில்லாத மாவட்டத்தில், மனம் மாறிய மாதத்தில், அந்தக் குழந்தை என்ன சாப்பிடும்? தடுப்பூசியை நன்கொடையாளரின் விருப்பத்துக்கு விடுவோமா? நோயைத் தடுக்கும் என்று நிறுவப்பட்ட உணவை மட்டும் ஏன் விடுகிறோம்? உணவு உரிமையாக இருக்க வேண்டிய இடத்தில் தருமத்தை வைத்திருக்கிறார்கள்.

மருந்திலும் இதே அலட்சியம். காசநோய் மாத்திரையை ஆறு மாதம் இடைவிடாமல் உட்கொள்ள வேண்டும். இடையில் நின்றால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் என்று நோயாளியிடம் நூறு முறை சொல்கிறோம். 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் மருந்துக் கொள்முதலே தடுமாறி, மூன்று மாதத்துக்கான மருந்துகளை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மாத்திரையைத் தவறவிட்ட நோயாளியை ஒழுங்கற்றவர் என்று எழுதுகிறோம். மாத்திரையைத் தவறவிட்ட அரசை என்னவென்று எழுதுவது?

ஒரு வெற்றியையும் சொல்ல வேண்டும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான பெடாகுயிலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்தது. அதை எதிர்த்து மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயும் மனுச் செய்தார்கள். காசநோயிலிருந்து மீண்ட இந்த இரு பெண்களும் பழைய மருந்துகளின் நச்சு விளைவால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவான மருந்துக்கான கதவு திறந்தது. போராடினால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்ய வேண்டியவை

நம் கோரிக்கைகள் ஆய்வுகளிலிருந்தே எழுகின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியம் மட்டுமே தருகிறது. பருப்பும் எண்ணெயும் அதில் இல்லை. தமிழ்நாடு போன்ற சில மாநிலங்கள்தான் தம் சொந்த நிதியிலிருந்து அவற்றை ரேஷனில் குறைந்த விலைக்குத் தருகின்றன. காசநோய் கண்டறியப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தது ஆறு மாதம், வீட்டிலுள்ள அனைவருக்கும், கூடுதல் தானியமும் பருப்பும் எண்ணெயும் ரேஷன் கடை மூலம் உரிமையாகக் கிடைக்க வேண்டும். நோய் கண்டறியப்படும் நாளிலேயே எடையையும் மூச்சு நிலையையும் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் முறையைத் தமிழ்நாடு 2022 முதல் செயல்படுத்துகிறது. அதை எல்லா மாநிலங்களும் மேற்கொள்ள வேண்டும். கூலி இழப்புக்கு ஈடு கிடைக்க வேண்டும். கல் உடைக்கும் இடங்களில் தூசைக் கட்டுப்படுத்துவது சட்டப்படி கட்டாயமாக வேண்டும். மருந்து உற்பத்தியில் பொதுத்துறை மீண்டும் வலுப்பெற வேண்டும். நாடு தழுவிய கணக்கெடுப்புக்கு இன்னும் அறுபது ஆண்டுகள் காத்திருக்கக் கூடாது. வீடு வீடாக நடந்து இத்தனையையும் செய்கிற ஆஷா ஊழியரைத் ‘தன்னார்வலர்’ என்றழைத்து ஊக்கத்தொகை கொடுத்து அனுப்பாமல், தொழிலாளி என்று அங்கீகரித்து ஊதியம் தர வேண்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோரிக்கை மனுவோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் கிளைக் கூட்டத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யார் என்று கேளுங்கள். அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச்செல்லுங்கள். அவர் போன நாளின் கூலியையும் அவருடைய வேலையையும் காப்பாற்றிக் கொடுங்கள். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும் என்பதைச் சக தொழிலாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவரை ஒதுக்கிவைத்தால் அடுத்தவர் தம் இருமலை மறைப்பார்.

அந்த ஜார்க்கண்ட் தொழிலாளி இன்னும் சாரத்தின்மேல்தான் நிற்கிறார். இன்று அவரைக் கண்டறிந்தால், அவர் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறும். ஆறு மாதத்தில் அவர் குணமாவார். அவர் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் போய்ச் சேர்ந்தால், அவருடைய மனைவியின் பெயரும் குழந்தைகளின் பெயரும் அந்தப் பதிவேட்டில் ஏறாமலே போகலாம். அப்படி ஏறாத பெயர்களால் எண் குறையுமானால், அந்தக் குறைவை நாம் மகிழ்ச்சியோடு ஏற்போம். அதற்காக உழைப்போம்.